குடி, வம்பர், வந்தேறி: புதுநிலம் புகுந்தோரைச் சுட்டும் சொற்கள்

புதிய நிலத்தில் புகுந்து, தங்கி, அதைத் தமதாக்கிக்கொண்ட மக்களைக் குறிக்கும் சொற்கள் பல மொழிகளில் அம்மக்கள் செய்த தொழிலிலிருந்தே பிறந்திருக்கின்றன. இலத்தீனின் ‘கொலோனுஸ்’ உழுபவனைக் குறித்த சொல். தென்னாப்பிரிக்காவில் அமர்ந்த டச்சுக்காரரின் வழிவந்தோர் ‘போயர்’ எனப்பட்டதும் உழவர் என்னும் பொருளில்தான். தமிழ்ச் சொற்கள் இவ்வழியில் செல்லவில்லை. குடியேறியவர், குடிவந்தவர், வந்தேறி, வந்தான் வரத்தான், பிழைக்க வந்தவர் என வழங்கும் எச்சொல்லிலும் ஏரோ கோடரியோ இல்லை. வருகையும் இருப்பும் மட்டுமே உண்டு. எப்போது வந்தார், எத்தனை தலைமுறையாக இருக்கிறார், இனியும் இருப்பாரா என்னும் கேள்விகளே இச்சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கின்றன. பார்வைக்கு இடத்தைப் பற்றியவையாகத் தோன்றும் இவை உண்மையில் காலத்தை அளக்கும் சொற்கள் என்பதும், அந்த அளவுகோல் நிலத்தைத் திருத்தியவர் கையில் இருந்ததைவிடக் கணக்கை எழுதியவர் கையிலேயே பெரிதும் இருந்தது என்பதும் இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்துகள்.

அடிப்படைச் சொல் ‘குடி’. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இச்சொல்லுக்கு உழவர், குடியிருப்போர், ஆட்சிக்கு உட்பட்ட மக்கள், குடும்பம், குலம், வீடு, ஊர் எனப் பல பொருள்களைத் தருகிறது. வீட்டில் தொடங்கி, வீட்டில் இருப்போர், அவர்தம் வழிமுறை, அவ்வழிமுறையினர் கூடி வாழும் ஊர் என வட்டம் வட்டமாக விரிந்த பொருள்கள் இவை என்பது எளிதில் புலனாகும். குடில், குடிசை என்பவை இதன் உறவுச் சொற்கள். மலையாளத்தில் குடி என்பது வீடு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதன் இனச்சொல் கோயிலைக் குறிக்கும். காரைக்குடி, மன்னார்குடி, தூத்துக்குடி, பரமக்குடி, திட்டக்குடி என்னும் ஊர்ப்பெயர்களில் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ புதிதாக வந்து தங்கிய செய்தி உறைந்திருக்கிறது. புதுக்குடி, புத்தூர், புதூர், புதுப்பட்டி என்று பெயர் பூண்ட ஊர்கள் நூற்றாண்டுகள் கடந்தும் ‘புது’வைக் கைவிடாமல் நிற்பது தனி வேடிக்கை.

இச்சொல்லோடு சேரும் வினைகள் கவனத்துக்குரியவை. குடிபுகுதல், குடிவைத்தல், குடிபோதல், குடிபெயர்தல் என்பவை வெளிப்படையானவை. வாடகை வீட்டில் இருப்பவர் ‘குடித்தனக்காரர்’. ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் நெருக்கியிருப்பது ‘ஒண்டுக் குடித்தனம்’. பெருங்கேடு நேர்ந்ததா என்று கேட்க ‘குடிமுழுகிப் போயிற்றா’ என்கிறது வழக்கு. இவற்றுள் ‘குடியேறு’ மட்டும் சற்றே புதிரானது. சமவெளியில் வந்து தங்குபவர் எதன்மேல் ஏறுகிறார்? வண்டியில் ஏறுதல், அரியணை ஏறுதல், மனத்தில் ஏறுதல், கணக்கில் ஏறுதல் ஆகிய வழக்குகளை அருகே வைத்துப் பார்த்தால், உயரம் மிகுவதைக் காட்டிலும் ஒன்றனுள் இடம்பிடித்து நிலைகொள்வதே இவ்வினையின் கருத்து என்பது தெளிவாகும். வந்து தங்கியவர் அனைவரும் குடியேறியவர் ஆகிவிடுவதில்லை. ஏட்டில் ஏறிய குடியே குடி. இதற்கு எதிர்ச்சொல்லையும் மலையாளம் காத்து வைத்திருக்கிறது. அங்குக் குடியேற்றத்துக்கு மறுதலை ‘குடியிறக்கு’, ஏறியவரை இறக்கிவிடுவது.

குடியின் வழிவந்த ‘குடிமை’ என்னும் சொல்லின் வரலாறு இக்கருத்துக்கு நல்ல சான்று. திருக்குறளில் குடிமை என்பது ஓர் அதிகாரத்தின் தலைப்பு. நற்குடிப் பிறப்பின் இயல்பை அது பேசுகிறது. சோழர் கல்வெட்டுகளில் அதே சொல் குடிகள் செலுத்த வேண்டிய ஒருவகைக் கடமையை, அதாவது வரிவகையை, குறிக்கிறது. இன்றைய ஆட்சித்தமிழில் குடிமைப் பணி, குடிமைப்பொருள் வழங்கல் என்று அது அரசோடும் நியாயவிலைக் கடையோடும் இணைந்துவிட்டது. ‘குடிமகன்’ நடந்துவந்த வழி இன்னும் வளைவானது. இன்று வாக்குரிமை உடைய எவரையும் குறிக்கும் இச்சொல், சென்ற தலைமுறை வரை பல ஊர்களில் முடிதிருத்துபவரையே குறித்தது. ஊருக்கு ஊழியம் செய்த நாவிதர், வண்ணார் முதலியோர் ‘குடிமக்கள்’ எனத் தொகுத்துச் சொல்லப்பட்டனர். குடிகளுக்கு ஊழியம் செய்தவரின் பெயரை நாட்டின் உரிமையாளர்க்கு வைத்தவர்கள் அதை அறிந்து செய்தார்களா என்பது தெரியவில்லை. ஆயினும் அது பொருத்தமான தேர்வாகவே அமைந்தது.

பழந்தமிழ் இலக்கணம் நிலத்துக்கு ஏற்ப ஊர்க்குப் பெயர் வகுத்தது. குறிஞ்சிக்குச் சிறுகுடியும் குறிச்சியும், முல்லைக்குப் பாடி, மருதத்துக்குப் பேரூரும் மூதூரும், நெய்தலுக்குப் பாக்கமும் பட்டினமும், பாலைக்குக் குறும்பு என அகப்பொருள் நூல்கள் கூறும். இவ்வகைப்பாட்டில் மருத நிலத்துக்கு மட்டும் காலம் குறித்த அடைமொழி வந்து சேர்ந்திருப்பதைக் காண வேண்டும். ஆற்றுப்பாய்ச்சல் உடைய வயல்வெளிகளே பிற்காலத்தில் திருத்தி உருவாக்கப்பட்டவை. அவற்றின் நடுவே எழுந்த ஊரே ‘மூதூர்’ என்னும் பட்டத்தைப் பெற்றது. மலையிலும் காட்டிலும் முன்பிருந்தே வாழ்ந்தவரின் ஊர் ‘சிறு’குடியாக நின்றுவிட்டது.

புறநானூற்றின் 335ஆம் பாடல், மாங்குடி கிழார் பாடியது, துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நால்வரைச் சொல்லி, வேறு குடிகள் இல்லை என அடித்துச் சொல்கிறது. அப்பாடல் உணவையும் அவ்வாறே நான்காக எண்ணுகிறது: வரகு, தினை, கொள், அவரை. நான்கும் மழையை நம்பிய புன்செய் விளைவு. நெல் இப்பட்டியலில் இல்லை. ஒரு நிலத்தில் இவர் மட்டுமே குடிகள், இவை மட்டுமே உணவு என்று வரையறுத்துச் சொல்லும் தேவை எப்போது எழும்? வேறு குடிகளும் வேறு பயிரும் அந்நிலத்துக்கு வந்துசேரத் தொடங்கியபோதுதான் எழும். இப்பாடலைப் பழமையின் பெருமிதமாகப் படிப்பதே வழக்கம். புதியவர் வரவைக் கண்டவரின் பதற்றமாக அதைப் படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

அவ்வாறு வந்த புதியவர்க்குச் சங்க இலக்கியத்தில் வழங்கிய பெயர் ‘வம்பர்’. வம்பு என்பதற்குப் புதுமை என்பது பொருள். பாலை வழியில் செல்லும் அயலார் வம்பலர்; தேர் செல்லும்படி மலையை வெட்டி வழி செய்ததாக அகநானூறு கூறும் மோரியர்க்கு ‘வம்ப’ என்னும் அடைமொழி உண்டு. தொல்காப்பிய உரியியல் வம்பு என்பதற்கு நிலையின்மை என்று பொருள் கூறுகிறது. புதியவர் நிலைக்கமாட்டார் என்னும் எண்ணமே புதுமையையும் நிலையின்மையையும் ஒரே சொல்லில் கட்டியிருக்க வேண்டும். அச்சொல் பின்னர் வீண்பேச்சு, சண்டை, தொல்லை என்று இறங்கி, இன்று ‘வம்புக்கு இழுத்தல்’, ‘வம்பளத்தல்’ என்னும் வழக்குகளில் மட்டும் வாழ்கிறது. இதற்கு இணையான ஒரு வீழ்ச்சி எதிர்ப்பக்கத்திலும் நிகழ்ந்தது. பாலை நிலத்து ஊருக்கும், பேரரசுக்கு அடங்காத சிறுதலைவரின் அரணுக்கும் பெயராக இருந்த ‘குறும்பு’ இன்று குழந்தைகளின் விளையாட்டுச் சேட்டையைக் குறிக்கிறது. வந்தவரின் பெயர் வம்பாயிற்று. அடங்காதவரின் பெயர் குறும்பாயிற்று. இரண்டையும் தொல்லையாகக் கருதிய ஒரு நடுவிடம் இருந்திருக்கிறது. சொல்லுக்குப் பொருள் நிறுத்துத் தந்த இடம் அதுவே.

அந்நடுவிடத்தின் செயலைக் காட்டும் வினைச்சொற்கள் மூன்று: கொல்லுதல், வெட்டுதல், திருத்துதல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும் குளங்கள் அமைத்ததையும் புகழும்போது, காட்டுக்குக் ‘கொல்’ என்னும் வினையையே ஆள்கிறார். உயிருள்ள பகையை வென்றது போன்ற சொல்லாட்சி அது. பல்லவர்க்குக் ‘காடுவெட்டி’ என்னும் பெயர் வழங்கியது; கன்னட நாட்டுக் கங்கர் கல்வெட்டுகளிலும் அது பயில்கிறது; அரியலூர்ப் பகுதியில் அதே பெயரில் ஊரும் இருக்கிறது. மூன்றாவது வினையாகிய ‘திருத்து’ மூன்றிலும் மென்மையானது, அதனாலேயே மூன்றிலும் ஆழமானது. பிழையைத் திருத்துவதும் விடைத்தாளைத் திருத்துவதும் முடியைத் திருத்துவதும் நிலத்தைத் திருத்துவதும் தமிழுக்கு ஒரே வேலை. காடு என்பது பிழை. கழனி என்பது திருத்தம். அப்பிழைக்குள் வாழ்ந்தவர் யார் என்னும் கேள்வி இவ்வினை ஆளப்படும் இடங்களில் எழுவதே இல்லை. தொண்டை மண்டலத்தைப் பற்றி வழங்கிய கதை மட்டும் அதை மறைக்கவில்லை: ஆடு மேய்த்த குறும்பரைப் புழல் கோட்டையில் வென்று, ஆதொண்டன் வேளாளரைக் கொண்டுவந்து குடியமர்த்தினான் என்று கூறும் அக்கதை, காலின் மெக்கன்சி தொகுத்த சுவடிகளிலும் இடம்பெற்றது. நடந்ததாக அதை நிறுவ இயலாது. ஆயினும் முன்பு இருந்தவர்க்கு ஒரு பெயர் கொடுத்த அளவில் அது நேர்மையான கதை.

கதையிலிருந்து ஆவணத்துக்கு வந்தால், வேள்விக்குடிச் செப்பேடு அருகில் வைத்துப் பார்க்கத்தக்கது. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்தது அது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பழைய பாண்டியன், கொற்கைகிழான் நற்கொற்றன் செய்த வேள்வியை ஒட்டி அளித்த ஊர் வேள்விக்குடி. பின்னர்க் களப்பிரர் ஆட்சியில் அந்த உரிமை பறிபோயிற்று. களப்பிரரைப் பாண்டியர் வென்று பல தலைமுறை கழிந்தபின், காமக்காணி நற்சிங்கன் என்பவர் அரசன் வழியில் நின்று முறையிட்டு அவ்வூரைத் தமக்குத் திரும்பக் கேட்டார். அரசன் உடனே கொடுத்துவிடவில்லை. பழமையை நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள்க என்றான். அவ்வாறே மெய்ப்பித்த பிறகு ஊர் மீண்டது. இங்கு வழக்கின் மையம் நிலத்தை இப்போது யார் உழுகிறார் என்பது அன்று. யார் முன்னே வந்தவர் என்பதும், அதை யார் சொன்னால் செல்லும் என்பதுமே மையம். களப்பிரர் காலம் முழுவதும் அவ்வூரில் பயிர் செய்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பழமையைப் பற்றிய பேச்சு செப்பேட்டில் இல்லை.

பல்லவர், பாண்டியர், சோழர் காலத்து நிலக்கொடை ஆவணங்களில் ‘குடிநீக்கி’, ‘குடிநீங்கா’ என்னும் இரண்டு தொடர்கள் பயில்கின்றன. முன்பு உரிமை கொண்டிருந்த குடிகளை விலக்கிவிட்டு வழங்கிய நிலம் முதல்வகை. அக்குடிகளை அப்படியே வைத்து, வருவாயை மட்டும் கோயிலுக்கோ பிராமணர்க்கோ மாற்றியது இரண்டாம் வகை. குடிநீக்கம் என்றால் ஊரைவிட்டே வெளியேற்றுவதா, பயிரிடும் உரிமையை மட்டும் மாற்றுவதா என்பதில் வரலாற்றறிஞர் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. உழும் உரிமையைக் காராண்மை என்றும், மேல்நின்று பெறும் உரிமையை மீயாட்சி என்றும் ஆவணங்கள் பிரித்தே எழுதின. இவ்விரண்டையும் பிரித்த நாளிலேயே ‘குடி’ என்னும் சொல் இரண்டாகப் பிளந்துவிட்டது: உரிமை உடைய குடி ஒன்று, இருக்க விடப்பட்ட குடி ஒன்று.

அப்பிளவுக்கு வருவாய்த்துறைப் பெயர் கிடைத்தது ஆங்கிலக் கும்பினியின் காலத்தில். சென்னை ஆட்சியராக இருந்தவரும் தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816இல் எழுதியவருமான எல்லிஸ், அதே ஆண்டில் மிராசு உரிமை பற்றி அரசுக்கு விரிவான மறுமொழி எழுதினார். காணியாட்சி என்னும் தமிழ்ச்சொல் பரம்பரை உடைமையைக் குறிக்கும் ‘மிராசு’ என்னும் அரபுச் சொல்லாக அதற்கு முன்பே மாறியிருந்தது. காணி உடையவர்க்குக் கீழே பயிரிட்டவர் இரு பிரிவினர். ஊரிலேயே நிலையாக வீடு கட்டி வாழ்ந்து, எளிதில் எழுப்பிவிட இயலாத நிலையில் இருந்தவர் ‘உள்குடி’. வேற்றூரிலிருந்து வந்து, பேசிய காலத்துக்குப் பயிரிட்டுச் செல்பவர் ‘பரகுடி’ அல்லது ‘புறக்குடி’. பரகுடி எத்தனை ஆண்டு தங்கினால் உள்குடி ஆவார் என்பதற்கு ஊருக்கு ஊர் வழக்கம் வேறுபட்டது. ஆனால் வயலில் சேறு மிதித்த பண்ணையாளும் படியாளும் எத்தனை தலைமுறை இருந்தாலும் இவ்விரண்டில் எதுவும் ஆகவில்லை. மண்ணோடு பிணைக்கப்பட்டிருந்த அவர்கள் ‘ஆள்’ எனப்பட்டனர். குடி என்னும் சொல் அவர்கள் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது.

உழவரிடம் அரசு நேரே வரி பெறும் தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறையும் ஒரு சொல்லை மேலே வைத்தது. ‘ரயத்’ என்பதன் அரபு மூலம் மேய்ப்பனின் காவலில் உள்ள மந்தையையும், அதன்வழி ஆட்சிக்கு உட்பட்டவரையும் குறிக்கும். குடியைப் போலவே அதிலும் உழவரும் ஆளப்படுபவரும் ஒன்றாயினர். இதன்பின் தரிசு நிலத்தைத் திருத்த விரும்பியவர் மனு எழுத வேண்டியவர் ஆனார். மனுவைக் குறித்த பாரசீகச் சொல்லான ‘தர்க்காஸ்து’ நிலத்தின் பெயராகவே மாறி, ‘தர்க்காஸ்து நிலம்’ என இன்றும் பத்திரங்களில் வழங்குகிறது. மனுப் போடாமல் திருத்தியவர் ‘சிவாய் ஜமா’ கணக்கில் எழுதப்பட்டார். அவர் வழிவந்தோர் இன்று ‘பி மெமோ’ என்னும் அறிவிப்பைப் பெறும் ஆக்கிரமிப்பாளர். ஒரே மண்வெட்டி, ஒரே வேலை; கிராமக் கணக்கில் எந்தப் பத்தியில் பெயர் விழுகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் பட்டாதாரர், மற்றவர் ஆக்கிரமிப்பாளர். செங்கற்பட்டு ஆட்சியர் திரெமன்கீர் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கெனத் தரிசு நிலம் ஒதுக்கப்பட்டபோதுதான், நெடுங்காலம் ஆளாகவே இருந்தவர்கள் கணக்கில் நிலம் உடையவராக ஏறினர். அப்போதும் நிலத்துக்கு ‘பஞ்சமி’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறர் வாங்கிய நிலம் நிலம் என்றே இருக்க, இவர்கள் பெற்றதற்கு மட்டும் பெற்றவரின் சாதிப்பெயர் வந்தது.

தமிழ்ப் புனைவில் புதுநிலம் புகுந்தோரை அவர்கள் பக்கமிருந்து காட்டிய நூல் கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976). தெலுங்கு பேசும் மக்கள் வடக்கிலிருந்து அஞ்சி ஓடிவந்து, கரிசல் காட்டை எரித்து ஊராக்கிய வரலாற்றை அது கதையாகச் சொல்கிறது. நாவலில் வருபவர்கள் தம்மைக் குடியேறியவர் என்று எண்ணிக்கொள்வதில்லை. தப்பி வந்தவர்கள் என்றே எண்ணுகிறார்கள். சொல் வெளியிலிருந்து வருவது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

மலையாள நாட்டின் வழக்கு தமிழுக்கு மிக நெருக்கமானதால் அதைச் சற்று விரித்துக் காணலாம். 1920களிலிருந்து, குறிப்பாக 1940களில், திருவிதாங்கூரின் சிரியன் கிறித்தவ உழவர் மலபாரின் மலைச்சரிவுகளுக்கும் வயநாட்டுக்கும் சென்று காடு வெட்டி மரவள்ளியும் மிளகும் ரப்பரும் பயிரிட்டனர். மலைக்காய்ச்சலுக்குப் பலர் பலியாயினர். எஸ். கே. பொற்றெக்காட்டின் ‘விஷகன்யகா’ (1948) என்னும் நாவல் அவர்களைப் பற்றியது. இப்பெயர்ச்சிக்கு மலையாளத்தில் ‘குடியேற்றம்’ என்று பெயர். அதன் அருகிலேயே ‘கையேற்றம்’ என்னும் சொல்லும் நிற்கிறது. பிறர் நிலத்தையோ அரசு நிலத்தையோ முறையின்றிப் பிடிப்பது அது. கேரள அரசியலில் பல பத்தாண்டுகளாக நடக்கும் நிலத்தகராறுகளில் பாதி, ஒரு குறிப்பிட்ட செயல் குடியேற்றமா கையேற்றமா என்பதைப் பற்றியதே. குடி என்றால் பாராட்டு, கை என்றால் குற்றம். 1950களின் நடுவில் திருவிதாங்கூர்-கொச்சி அரசே தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளில் மலையாளிகளைக் குடியமர்த்த முனைந்தது. தமிழர் பெரும்பான்மையாக இருந்த அப்பகுதிகள் எந்த மாநிலத்துக்கு என்னும் வழக்கு அப்போது நடந்துகொண்டிருந்ததை மறக்க இயலாது. சில ஆண்டுகளில் சொல் தலைகீழானது. இடுக்கி அணைத் திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து 1961இல் உழவர் குடும்பங்கள் குடியிறக்கப்பட்டு அமராவதியில் கொண்டுபோய் விடப்பட்டபோது, பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலன் அங்கு உண்ணாநோன்பு இருந்தார். கேரளம் இன்னொன்றும் செய்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த ‘குடிகிடப்புக்காரர்’ என்போர்க்கு, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்படி, ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை அந்நிலத்தை விலைகொடுத்துப் பெறும் உரிமை கிடைத்தது. கிடந்தவர் குடி ஆனார்.

இலங்கைத் தமிழில் ‘குடியேற்றம்’ என்னும் சொல்லின் நிறம் முற்றிலும் வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் வறண்ட வலயத்தில் அரசு உழவரைக் குடியமர்த்தியது. பட்டிப்பளை ஆற்றில் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் அவற்றுள் பெரியது. அவ்வாறு உண்டான ஊர்கள் சிலவற்றுக்குப் பெயரே எண்தான்: நான்காம் கொலனி, ஆறாம் கொலனி. சிங்களத்தில் இக்குடியிருப்பு ‘ஜனபதம்’ என்று வழங்கும். ஆள் இல்லாத நிலத்தில் நூறு முதல் ஐந்நூறு குடும்பங்கள் கொண்ட உழவர் ஊர்களை அரசன் அமைக்க வேண்டும் என்று கூறும் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்துக்குரிய பழைய சொல் அது. சிங்களத்தார்க்கு அச்சொல்லில் பழைய குளங்களை மீட்ட பெருமை ஒலித்தது. தமிழர்க்குக் குடியேற்றம் என்பது மாவட்டத்தின் மக்கள்தொகையை மாற்றிய அரசுச் செயலாகவே பொருள்பட்டது. போருக்குப்பின் ‘மீள்குடியேற்றம்’ என்னும் சொல் வந்தது. சொந்த வளவுக்குத் திரும்புபவரையும் குடியேறுபவராக எழுதும் அச்சொல்லில் ஒரு முரண் உண்டு. மட்டக்களப்பிலோ குடி என்பது தாய்வழி வரும் குலம். ஒரே குடிக்குள் மணவினை இல்லை. ஒரே தீவுக்குள் ஒரே சொல் தாயின் வழியையும் அரசின் திட்டத்தையும் குறித்து நிற்கிறது.

அத்தீவின் மலைநாட்டில் காடழித்தவர் கதையே இப்பொருளில் மிகக் கசப்பானது. 1820களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சென்றவர்கள் கோப்பிக்காகவும், இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் மலைகளை வெட்டித் திருத்தினர். வெட்டியதும் திருத்தியதும் அவர்களே. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘கூலி’. மலாயாவில் அது ஒப்பந்தக் கூலி என்னும் பொருளில் ‘சஞ்சிக்கூலி’ ஆயிற்று. நிலம் ‘துரை’யுடையது, வீடு வரிசை அறைகளான ‘லயம்’. பத்தடிக்குப் பத்தடி அறையில் பல தலைமுறை இருந்தும் அது குடியிருப்பாகக் கணக்கில் ஏறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்து, 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. வந்தவர்களுக்காக நீலகிரியில் 1968 முதல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அங்கே இந்தியத் தமிழராக இருந்தவர் இங்கே ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசுத் தாளிலும், ‘சிலோன்காரர்’ என்று சந்தையிலும் ஆனார். இரு நாட்டிலும் காடு திருத்தியவர்க்கு இரு நாட்டிலும் மற்ற நாட்டின் பெயர்.

இனி, இலத்தீன் உழவனிடம் திரும்பலாம். ‘கொலோனுஸ்’ தங்கிய இடம் ‘கொலோனியா’. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அப்பெயரைச் சுமக்கிறது. ஆங்கிலம் அதைப் பேரரசின் உடைமை நாடுகளுக்குப் பெயராக்கியது. தமிழ்நாட்டில் ‘காலனியாட்சி’ என்றும் இலங்கையில் ‘குடியேற்றவாதம்’ என்றும் அது பெயர்க்கப்பட்டது. இந்தியாவில் ஆங்கிலேயர் பெரும்பாலும் குடியேறவே இல்லை என்பதை நினைத்தால் இரண்டாவது பெயர்ப்பு நகைப்புக்குரியது. தமிழ்நாட்டு ஊர்களில் ‘காலனி’ என்பது ஆதிதிராவிடர் குடியிருப்பின் பெயராகி இழிவுக்குறி ஆனதால், அரசு ஆவணங்களிலிருந்து அச்சொல் நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ‘சேரி’ இதற்கு முன்பே இவ்வழியே சென்ற சொல். சோழர் காலப் பிராமண ஊர்களின் தெருப்பகுதிகளும் சேரி எனப்பட்டன. சேர்ந்து வாழும் இடம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சொல்லை மாற்றுவது நல்லதே. ஆனால் ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கும் வழக்கம் இருக்கும்வரை அடுத்த சொல்லும் அதே பாதையில் தேயும்.

எதிர்த்திசையில் உயர்ந்து சரிந்த சொல் ‘பழங்குடி’. திருக்குறளில் வறுமையிலும் பண்பு குன்றாத தொன்மையான குடும்பம் பழங்குடி. இன்று அரசியலமைப்பின் அட்டவணையில் இடம்பெற்ற மலைவாழ் மக்களின் ஆட்சிப்பெயர். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அம்மக்களோடு, காட்டை நம்பி வாழும் ஏனையோர்க்கும் உரிமை தருகிறது; ஆனால் அவ்வேனையோர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கு வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பன்னிரண்டு நூற்றாண்டுக்கு முன் நற்சிங்கனிடம் கேட்கப்பட்ட அதே சான்று இது. நற்சிங்கனுக்கு நாட்டார் இருந்தனர். இன்று அது கிராமசபையின் முன் வைக்கப்படுகிறது. காட்டுக்குள் 75 ஆண்டுக்கு முந்தைய தாளை யாரும் வைத்திருப்பதில்லை.

வந்தவர்க்கு இத்தனை சொற்களைப் படைத்த மொழி, அவர்கள் வரவால் போனவர்க்கு நெடுங்காலம் ஒரு பெயர்ச்சொல்லும் படைக்கவில்லை. இடம்பெயர்ந்தோர், ஏதிலி என்பவை அண்மைக்கால ஆக்கங்கள். கொடை ஆவணங்களில் கிடைப்பது ‘குடிநீக்கி’ என்னும் வினையெச்சம் மட்டுமே. அடுத்த வினையைத் தேடி ஓடுவது அதன் இலக்கணம். அச்செப்பேடுகள் வேறு எதிலும் சுருக்கம் காட்டுவதில்லை. பெண்யானையை நடத்தி எல்லை சுற்றியதையும், கல்லும் கள்ளியும் நட்டதையும், வாய்க்கால், குளம், மரம், புற்று ஆகியவற்றையும், உடும்பு ஓடும் நிலம், ஆமை தவழும் நிலம் என்பவற்றையும் கொடை பெற்றவரின் கோத்திரத்தோடும் பங்கோடும் அவை எழுதுகின்றன. நீக்கப்பட்ட குடிகள் எத்தனை பேர், அவர்கள் பெயர் என்ன, எங்குச் சென்றனர் என்பவற்றை அவை எழுதுவதில்லை.